ராணியின் முள்கரண்டி

மகாராணி முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டால், மேசையைச் சுற்றியிருக்கும் அனைவரும் வைத்துவிட வேண்டும். வாயில் இருப்பதை விழுங்கிக்கொள்ளலாம். தட்டில் இருப்பதைத் தொடக் கூடாது. இந்த விதி எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததும் இல்லை. ஆனாலும் கிளென்டாரக் கோட்டையில் அதை மீறியவர் எவரும் இல்லை.

ராணி ஹானோரியா பிரிட்டனை நன்றாக ஆண்டார். அதைவிட வேகமாகச் சாப்பிட்டார். சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

பரிமாறுவது ராணியிடம் தொடங்கும். அடுத்து அவருடைய கணவர் இளவரசர் ஆட்டோ, பிறகு பிரபுக்கள், அவர்களின் மனைவியர் என்று தட்டுகள் மெல்ல நகர்ந்து கடைக்கோடிக்கு வரும். ஞாயிற்றுக்கிழமைகளிலும் பிறந்தநாட்களிலும் அந்தக் கடைக்கோடியில், வின்னி என்று எல்லோரும் அழைக்கும் ராணியின் மகள் இளவரசி வினிஃபிரெட்டும் அவளுடைய தம்பி ரூபர்ட்டும் உட்கார்ந்திருப்பார்கள். ரூபர்ட்டின் தட்டு வந்து சேர்வதற்குள் ராணி சாப்பிட்டு முடித்திருப்பார். தலைமைப் பணியாளர் கிரிம்ஷா, வெள்ளைக் கையுறை அணிந்த ஒரு விரலை உயர்த்துவார். உடனே எல்லாத் தட்டுகளும் பறந்துவிடும்.

பெரியவர்கள் இதற்கு ஆளுக்கொரு வழி வைத்திருந்தார்கள். இளவரசர் ஆட்டோவின் கோட்டுப் பையில் எப்போதும் ஒரு பன் இருக்கும். முன்பிருந்த ராஜாவின் விருந்துகளிலேயே பட்டினி கிடந்து பழகிய பிராக்ஸ்டன் பிரபுவிடம் பெரிய தங்கக் கடிகாரம் ஒன்று இருந்தது. அதைத் திறந்தால் உள்ளே முள்ளும் இல்லை, எண்ணும் இல்லை. ஒரு சீஸ் துண்டுதான் இருக்கும். ஒருமுறை வின்னிக்கும் அதில் கொஞ்சம் கிள்ளிக் கொடுத்திருக்கிறார்.

ரூபர்ட்டிடம் எந்த வழியும் இல்லை. போதாக்குறைக்கு முன்பற்கள் இரண்டும் விழுந்திருந்தன.

"அக்கா, போன பிறந்தநாளுக்கு எனக்கு ஆப்பிள் புட்டிங் வந்துச்சுல்ல? அத நான் மோந்துதான் பாத்தேன்," என்றான் அவன், படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு. "அதுக்கு முந்தின வருஷம் மோந்துகூடப் பாக்கல. ஜலதோஷம்."

வின்னிக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"இந்த வருஷம் நீ கடைசி வாய் வரைக்கும் சாப்பிடுவ," என்றாள்.

"தத்தியமா?"

"சத்தியமா."

சொல்லிவிட்டாளே தவிர, எப்படிச் செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. பிறந்தநாள் புதன்கிழமை. அதற்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்து இருந்தது. அதில் முயன்று பார்க்கலாம் என்று அவள் சமையலறைக்கு இறங்கிப் போனாள்.

"டன்பார் அம்மா, இந்த ஞாயித்துக்கிழம ஹெர்ரிங் மீன் பண்ணுங்களேன். முள்ளு நிறைய இருக்குமே, அது."

தலைமைச் சமையல்காரி டன்பார் இடுப்பில் கைவைத்துக்கொண்டார். "மகாராணி தட்டுல முள்ளு மீனா? என் தலை போறதுக்கா?"

"அதெல்லாம் போகாது. நம்ம நாட்டுல தலைய வெட்டுறத நிறுத்தி ரொம்ப நாளாச்சுன்னு எங்க வாத்தியார் சொன்னார்."

"உங்க வாத்தியார் தலையா போகப்போகுது?" என்று முணுமுணுத்தாலும், டன்பார் மீனுக்குச் சொல்லியனுப்பினார்.

முள்ளைப் பொறுக்கிப் பொறுக்கி அம்மா மெதுவாகச் சாப்பிடுவார். அதற்குள் எல்லோரும் சாப்பிட்டுவிடலாம் என்பது வின்னியின் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை மீன் வந்தது. ராணி ஒரு வாய் எடுத்தார். பல்லிடுக்கிலிருந்து ஒரு முள்ளை இழுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். பிறகு முள்கரண்டியையும் கீழே வைத்துவிட்டார்.

கிரிம்ஷாவின் விரல் உயர்ந்தது.

"எனக்கு வந்தது மீனா கோழியான்னுகூட எனக்குத் தெரியலியே," என்று முனகியபடி பிராக்ஸ்டன் பிரபு கடிகாரத்தைத் திறந்தார்.

அன்று மாலை தோட்டத்தில் இளவரசர் ஆட்டோ தன் பன்னைப் பிய்த்துப் பாதியை வின்னியிடம் நீட்டினார். அவருடைய காலைச் சுற்றி ராணியின் நாய் பிஸ்மத் ஆவலோடு மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தது.

"அப்பா, நாம அம்மாகிட்டயே சொல்லிட்டா என்ன?"

"சொல்லலாம். கல்யாணமான புதுசுலயே சொல்லியிருக்கணும்," என்றார் அவர். "அப்ப கூச்சமா இருந்துச்சு. இப்பப் போய்ச் சொன்னா, 'இத்தன வருஷமா ஏன் சொல்லல'ன்னு கேப்பா. அதுக்கு என்கிட்ட பதில் இல்லம்மா."

"அதுக்காகக் கடைசி வரைக்கும் பன்னே திம்பீங்களா?"

"நல்ல பன்தான்," என்றார் இளவரசர், சிறிது சோகமாக.

பெரியவர்கள் பயப்படும் விஷயத்தைத் தான் செய்யலாமா என்று வின்னி இரண்டு நாள் யோசித்தாள். புதன்கிழமை காலையில் ரூபர்ட் எழுந்ததும் கேட்ட முதல் கேள்வி, "புட்டிங் எத்தன மணிக்கு?" என்பதுதான். அதற்குமேல் அவள் யோசிக்கவில்லை. நேராக அம்மாவின் அலுவல் அறைக்குப் போய்க் கதவைத் தட்டினாள்.

"யாரது? கொஞ்சம் இரு," என்று உள்ளிருந்து குரல் வந்தது. இழுப்பறை ஒன்று படக்கென மூடப்பட்டது. "ம், வரலாம்."

மேசையில் சிவப்புத் தோல் பெட்டிகள் திறந்துகிடந்தன. அவற்றில் வரும் தாள்களைப் படித்துக் கையெழுத்திடுவதிலேயே ராணியின் ஒவ்வொரு காலைப் பொழுதும் கழியும். அவருடைய விரல்களில் மை இருந்தது. முகவாயில் பிஸ்கட் தூள் இருந்தது.

வின்னி அந்தத் தூளையே பார்த்தாள். ராணி சட்டென்று துடைத்துக்கொண்டார்.

"அம்மா, உங்களுக்கும் பசிக்குதா?"

"கதவச் சாத்திட்டு வா," என்றார் ராணி. இழுப்பறையைத் திறந்து ஒரு பிஸ்கட்டை அவளிடம் கொடுத்தார். "யார்கிட்டயும் சொல்லாத. மகாராணி ஒளிச்சு வச்சுத் திங்கிறான்னு பேராயிடும்."

"அப்போ மேசையிலேயே வயிறு நிறையச் சாப்பிட வேண்டியதுதானே? ஏன் அவ்ளோ வேகமா முடிச்சிடுறீங்க?"

ராணி பேனாவை மைக்கூட்டில் வைத்தார்.

"எனக்குப் பட்டம் கட்டினப்போ பத்தொம்பது வயசு. மொத விருந்துல நிமிந்து பாத்தா, அத்தன பேரும் என் கரண்டியவே பாத்துட்டிருக்காங்க. பிராக்ஸ்டன் பிரபு வேற கடிகாரத்த எடுத்து எடுத்துப் பாக்கறார். எனக்கு ஒரே வெக்கமாப் போச்சு. இந்தச் சின்னப் பொண்ணு எப்ப எந்திரிப்பா, நாம எப்பப் போறதுன்னு காத்திட்டிருக்காங்க, பாவம். அன்னிலேருந்து, அவங்கள ரொம்ப நேரம் பிடிச்சு வைக்கக் கூடாதுன்னு சட்டுனு முடிச்சிடுவேன். அவங்களுக்காகத்தான்."

வின்னி பிஸ்கட்டைக் கீழே வைத்தாள்.

"அம்மா, அவங்க எந்திரிக்கறதுக்காகப் பாக்கல. நீங்க கரண்டிய வச்சுடப் போறீங்களேன்னு பயந்துபோய்ப் பாக்கறாங்க. வச்சுட்டீங்கன்னா அவங்க தட்டும் போயிடும்ல? ரூபர்ட் போன வருஷம் அவன் புட்டிங்க ஒரு வாய்கூடச் சாப்பிடல. அதுக்கு முந்தின வருஷமும்தான்."

ராணி பிஸ்கட் இழுப்பறையை மூடினார்.

"என் பிள்ளையோட பிறந்தநாள் புட்டிங்," என்றார் மெல்லிய குரலில். "அப்போ பிராக்ஸ்டன் பிரபு? அவர் எதுக்கு மணி பாக்கறார்?"

"அது கடிகாரமே இல்லம்மா. உள்ள சீஸ் இருக்கு."

"சீஸா?"

"நல்லா இருக்கும். நான் சாப்பிட்டிருக்கேன்."

"உங்கப்பா? அவர் வயிறும் காயுதா?"

"கோட்டுப் பையில பன் வச்சிருக்கார்."

"அதான் இந்த நாய் அவர் கோட்டையே சுத்திச் சுத்தி வருதா?" ராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு பேனாவை எடுத்தார். "இரு, இப்பவே அந்த விதிய ரத்து பண்றேன்." எடுத்த பேனா அந்தரத்தில் நின்றது. "எதுல கையெழுத்துப் போடறது? அது எங்கயும் எழுதியே இல்லையே."

இருவரும் சிவப்புப் பெட்டிகளைப் பார்த்தார்கள். நாட்டின் எல்லாச் சட்டங்களும் அவற்றின் வழியாகத்தான் போய்வந்தன. இந்த ஒரு விதி மட்டும் அவற்றுக்குள் வந்ததே இல்லை.

"அப்போ நீங்க கரண்டியக் கீழயே வைக்காதீங்க," என்றாள் வின்னி. "ரூபர்ட் முடிக்கிற வரைக்கும் கையிலயே வச்சுக்குங்க. அது போதும்."

"சரி. கை வலிச்சாலும் வைக்க மாட்டேன்."

மதிய விருந்து நன்றாகத்தான் தொடங்கியது. ராணி சூப்பை நிதானமாகக் குடித்தார். வறுத்த ஆட்டிறைச்சியை மெல்ல மெல்ல மென்றார். முதலில் யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. அவசர அவசரமாக விழுங்கினார்கள். பிறகு வேகம் குறைந்தது. ஒருவர் மழையைப் பற்றிப் பேசினார். இன்னொருவர் பதில்கூடச் சொன்னார். பிராக்ஸ்டன் பிரபு கடிகாரத்தைத் தொடவே இல்லை.

அடுத்து ஆப்பிள் புட்டிங் வந்தது. அதன்மேல் சூடான சர்க்கரைப் பாகு பளபளத்தது. மேசை நெடுகப் பயணம் செய்து, கடைசியாக ரூபர்ட்டின் முன்னால் வந்து அமர்ந்தது. அவன் அதை ஆசையோடு ஊதினான்.

அப்போதுதான் ராணியின் செயலாளர் ஒரு தாளுடன் விரைந்து வந்தார்.

"மன்னிக்கணும், மகாராணி. புயல் அடிச்ச தீவுக்கு மாவு மூட்ட ஏத்தின கப்பல் துறைமுகத்துலயே நிக்குது. நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் புறப்படும். துறைமுகத்துல தண்ணி வத்தறதுக்குள்ள தந்தி கொடுக்கணும்."

"அங்க சனங்க எல்லாம் பட்டினியாவா இருக்காங்க? குடுங்க, குடுங்க," என்றார் ராணி.

தாளை ஒரு கையால் பிடிக்க வேண்டியிருந்தது. பேனாவை மறு கையால் பிடிக்க வேண்டியிருந்தது. கப்பலைத் தவிர அந்த நேரத்தில் அவருக்கு வேறெதுவும் நினைவில் இல்லை. அவருடைய முள்கரண்டி மெல்லிய ஓசையுடன் தட்டில் விழுந்தது.

கிரிம்ஷாவின் விரல் உயர்ந்தது.

மேசையைச் சுற்றிலும் எல்லோரும் முள்கரண்டிகளைக் கீழே வைத்தார்கள். இளவரசர் ஆட்டோவின் கை தானாகவே கோட்டுப் பையை நோக்கிப் போனது. தட்டுகள் ஒவ்வொன்றாக மறையத் தொடங்கின. ரூபர்ட்டின் பின்னால் வந்து நின்ற பணியாளர் குனிந்தார். ரூபர்ட் அழவில்லை. அக்காவை நிமிர்ந்து பார்த்தான், அவ்வளவுதான்.

வின்னி தன் முள்கரண்டியை எடுத்தாள். புட்டிங்கில் ஒரு பெரிய துண்டை வெட்டினாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கையில் அதை வாயில் போட்டு மெல்லத் தொடங்கினாள்.

அந்த மண்டபத்தில் அப்படியொரு அமைதி அதுவரை இருந்ததில்லை. அவள் மெல்லும் ஓசைகூடக் கேட்டது.

கிரிம்ஷா அவளருகே வந்து தாழ்ந்த குரலில், "இளவரசி, மகாராணி முடிச்சிட்டாங்க," என்றார்.

வின்னி விழுங்கிவிட்டே பதில் சொன்னாள். "நான் இன்னும் முடிக்கல, கிரிம்ஷா. ரூபர்ட் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. அவன் தட்ட விட்டுடச் சொல்லுங்க."

ராணி கையெழுத்திட்டு நிமிர்ந்தார். மேசை முழுவதும் கடைக்கோடியையே பார்த்துக்கொண்டிருந்தது. பட்டம் ஏற்ற நாளிலிருந்து முதன்முறையாக, அவருடைய முள்கரண்டியை ஒருவர்கூடப் பார்க்கவில்லை.

என்ன நடந்ததென்று அவருக்குப் புரிந்தது. கை முள்கரண்டியை நோக்கி விரைந்தது. அதை எடுத்துவிட்டால் எல்லாம் முன்போலவே சரியாகிவிடும். ஆனால் நாளைக்கும் எல்லோரும் அந்தக் கரண்டியையே பார்ப்பார்கள் என்று பாதி வழியில் அவருக்குத் தோன்றியது. கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ரூபர்ட், உன் புட்டிங் எப்படியிருக்கு?" என்று கேட்டார்.

ரூபர்ட் தட்டை இரண்டு கைகளாலும் தன் பக்கம் இழுத்து, ஒரு வாய் எடுத்தான்.

"தூடா இருக்கும்மா," என்றான் வாய் நிறைய.

"மெதுவாச் சாப்பிடு. எனக்கு ஒரு அவசரமும் இல்ல."

பிராக்ஸ்டன் பிரபு, போய்க்கொண்டிருந்த தன் தட்டைப் பணியாளரின் கையிலிருந்து மெல்லத் திரும்ப வாங்கினார். கிரிம்ஷா, உயர்த்திய விரலை என்ன செய்வதென்று தெரியாமல் மூக்கைச் சொறிந்துகொண்டார்.

ராணியின் முள்கரண்டி தட்டில் கிடந்தது. வின்னி அதை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள். பிறகு அடுத்த வாயை எடுத்தாள்.