ஒரு தலையணை கொடு, தம்பி!

போன் அடித்தது.

கேப்டன் பவுரோ எடுக்கவில்லை. நாலு நாள் ரோந்து முடிந்து அப்போதுதான் படுத்திருந்தான். மணி காலை ஏழு.

மறுபடியும் அடித்தது. சனியன்!

எடுத்தான். சித்தி மகள் ரொதியா. அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அண்ணே... அவர் செத்துட்டாராம்."

அவள் புருஷன் தெவெயா அரசாங்கக் கண்காணிப்பாளன். வெளிநாட்டு மீன் கப்பலில் ஏறி, என்னென்ன பிடிக்கிறார்கள் என்று நோட்டில் எழுதுகிற வேலை. கால் வழுக்கிக் கடலில் விழுந்துவிட்டான், பிணம் ஐஸ் அறையில் இருக்கிறது என்று கப்பல்காரர்கள் ரேடியோவில் சொன்னார்களாம். ரொதியா நம்பவில்லை. சுறாத் துடுப்பை மூட்டை மூட்டையாக ஒளிக்கிறார்கள், எல்லாம் நோட்டில் எழுதிவிட்டேன் என்று முந்தாநாள்தான் அவளிடம் பேசியிருந்தான்.

"அண்ணே, ஒரு புபுசி."

போச்சு. பவுரோ கண்ணை மூடிக்கொண்டான்.

தீவு நாடான கிரிபாஸில் பிறந்தவன் புயலிலிருந்து தப்பலாம். புபுசியிலிருந்து தப்ப முடியாது. சொந்தக்காரர் அந்த வார்த்தையைச் சொல்லிக் கேட்டால் கொடுத்தாக வேண்டும். சைக்கிளோ, சட்டையோ, பெற்ற பிள்ளையோ... இல்லை என்றவன் ஊர்க்கூடத்தில் தலைகாட்ட முடியாது.

"கேளும்மா."

"அவரைக் கொன்னவன் எவனோ, அவனை எனக்குக் குடு."

"குடுத்துட்டேன்" என்றான் பவுரோ.

வைத்தான். தூக்கமும் போயிற்று.

'தே எய்தேய்'... நாட்டுக்கு இருப்பது இந்த ஒரே ரோந்துப் படகு. போன வாரம் பரீட்சைத் தாள் சுமந்தது. அதற்கு முந்தின வாரம் பிரசவ வலிக்காரியைச் சுமந்தது. இரண்டு எஞ்சினில் ஒன்றுக்கு ஓயாத இருமல். எஞ்சின்காரன் மோவா டீசல் அளவுக் குச்சியைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"நாலு மணிக்குள்ள அங்கேருந்து கிளம்பிடணும் கேப்டன். இல்லேன்னா நீங்களும் நானும் நீந்தித்தான் வரணும்."

ஒரு மணிக்குக் கப்பலைப் பிடித்தார்கள்.

கப்பல் தலைவன் சிரித்துக்கொண்டே காகிதங்களை நீட்டினான். எல்லாம் ஒழுங்கு. தெவெயாவின் பின்மண்டை பிளந்திருந்தது. விழும்போது கம்பியில் அடிபட்டதாம். நோட்டு? அவனோடு கடலுக்குப் போய்விட்டதாம்.

தேடினார்கள். ஐஸ் அறை... எஞ்சின் அறை... பெட்டிகள், கட்டிலுக்கு அடியில்... ஒன்றும் இல்லை.

மணி மூன்றரை.

நோட்டு கிடைக்காவிட்டால் கப்பலை விட்டாக வேண்டும். சாயங்காலத்துக்குள் எல்லையைத் தாண்டிவிடும். அப்புறம் கொன்றவனைக் கடவுள்தான் தேட வேண்டும். ரொதியாவின் முகத்தில் எப்படி முழிப்பது?

பவுரோ மாலுமிகளின் அறைக்குள் போய்ப் பொத்தென்று உட்கார்ந்தான். அந்தக் கப்பலில் நம் ஊர்க்காரர்கள் மூன்று பேர் வேலை பார்த்தார்கள். மூவரும் உறவு. இந்தத் தேசத்தில் யாருக்கு யார் உறவில்லை?

தொப்பி காற்றில் போயிருந்தது. ஒருவனிடம் தொப்பி கேட்டான். கழற்றிக் கொடுத்தான். பூட்ஸ் நனைந்திருந்தது. அடுத்தவனிடம் செருப்பு கேட்டான். அவனும் கொடுத்தான். பத்து நிமிஷம் தலை சாய்த்தால் போதும் என்றிருந்தது.

மூன்றாமவன் இயோதெபா, கப்பலின் மேஸ்திரி. தாய்வழியில் தம்பி முறை. காய்ச்சல் என்று காலையிலிருந்து படுத்தே கிடந்தான்.

"தம்பி, புபுசி. அந்தத் தலையணையைக் குடு."

இயோதெபா அசையவில்லை.

"அழுக்குண்ணே... இந்தாங்க, என் வாட்ச்சை எடுத்துக்குங்க."

புது வாட்ச். பளபளத்தது.

பவுரோவின் கொட்டாவி பாதியில் நின்றது.

அழுக்குத் தலையணையைக் காப்பாற்ற வாட்ச்சைக் கொடுப்பவனை அவன் ஐம்பது வருஷத்தில் பார்த்ததில்லை.

"நான் தலையணைதான் கேட்டேன்."

பின்னால் நின்ற மோவா பிடுங்கினான். ஓரத்தில் புதுத் தையல். கிழித்தான். பஞ்சு... பஞ்சுக்குள் நோட்டு!

தெவெயாவின் கையெழுத்து. நோட்டைத் தராவிட்டால் மண்டையைப் பிளப்பேன் என்று இயோதெபா மீன் கொக்கியைக் காட்டினான் என்று கடைசிப் பக்கம் சொன்னது.

இயோதெபா எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். ஏவியது தலைவன். பெரிய வேலை தருவதாக ஆசை காட்டியிருந்தான். நாளைக்குத் தலைவன் கைவிரித்தால் மிரட்டுவதற்காக நோட்டை ஒளித்து வைத்தானாம். மிரட்டத்தான் ஓங்கினேன், பட்டுவிட்டது என்று அழுதான்.

பிறகு நிமிர்ந்தான்.

"அண்ணே... ஒரு புபுசி."

கையைக் கூப்பினான்.

"என்னை விட்டுடுங்க."

மாலுமிகள் இருவரும் பவுரோவையே பார்த்தார்கள். மோவா தலையைக் குனிந்துகொண்டான். இயோதெபாவின் கல்யாணத்துக்குப் பன்றி அறுத்தவன் பவுரோ. வாழ்நாளில் ஒரு புபுசிக்கும் இல்லை என்று சொல்லாதவன்.

"குடுத்திருப்பேன்டா" என்றான். "சத்தியமா குடுத்திருப்பேன். ஆனா காலையிலயே ரொதியா உன்னைக் கேட்டுட்டா. நானும் குடுத்துட்டேன். குடுத்ததை எப்படிடா திருப்பி வாங்கி உனக்குக் குடுப்பேன்?"

இயோதெபா யோசித்தான். அதில் ஒரு தப்பும் அவனுக்குத் தெரியவில்லை. கைகளை நீட்டினான். மோவா விலங்கு மாட்டினான்.

கப்பலையும் தலைவனையும் சேர்த்தே ஓட்டிக்கொண்டு கிளம்பியபோது நாலுக்கு இரண்டு நிமிஷம்.

பவுரோ படுக்கப் போனான். தொப்பி நன்றாக இருக்கிறதே, புபுசி என்று மோவா வந்து வாங்கிக்கொண்டான். செருப்பைச் சுக்கான்காரன் கேட்டான். பேசோ துறைமுகத்தில் வெறுங்காலோடு இறங்கி, கைதியை ரொதியாவின் முன்னால் நிறுத்தினான். அவள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு பவுரோவின் கையை ஒருமுறை பிடித்து விட்டுவிட்டு, புருஷனின் சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்தாள்.

தலையணையைப் போலீஸ்காரர் கேட்டார். சாட்சியாம். கொடுத்தான்.

தூக்கத்தை மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கொடுக்க அவனிடம் இல்லை!