பதினேழாம் பதிப்பின் பூதங்கள்

புதிய பதிப்பு வெளியாகும் நாளன்று மருத்துவமனையின் மூன்றாம் தளத் தாழ்வாரத்தில் கால்வைக்க இடமிராது. பல குடும்பத்தினர் விடியும் முன்பே வந்து பெஞ்சுகளில் துண்டு விரித்து இடம்பிடித்திருந்தனர். சுவரிலிருந்த பெரிய திரையில் ‘கருக்கல்’ என்னும் கணினி ஆட்டத்தின் இற்றைப்படுத்தல் குறிப்புகள் ஓடிக்கொண்டிருந்தன. பேச்சிமுத்துவுக்கு அவ்வளவு தொலைவிலிருந்து எழுத்துத் தெரியவில்லை. அவருடைய மைத்துனன் சுடலைமணி அவற்றை வாசித்துச் சொன்னான்.

“மூணு புதுசு விட்டுருக்கான் அத்தான். ஒண்ணு செவத்துக்குள்ளயே நடந்து வருமாம். ஒண்ணுக்குக் கண்ணு கெடையாது, சத்தத்த வச்சுத்தான் ஆளப் புடிக்குமாம்.”

“கண்ணில்லாததுதான் ஒம்பதாம் பதிப்புலயே வந்துட்டே.”

“இது வேற. இதுக்கு நம்ம குரல்லயே பேசத் தெரியுமாம்.”

“மூணாவது?”

“அது பழசு எல்லாத்தையும் சேத்துக் கட்டின கதம்பம். எனக்கு அதுமேல பெருசா நம்பிக்க இல்ல.”

எதிர் பெஞ்சிலிருந்த பெண்மணி ஒருத்தி, மழை வருமா என்று கேட்பவளைப் போல மெதுவாகக் கேட்டாள். “தம்பி, பாத்த ஒடனே ஈரக்கொல நடுங்குத மாதிரி ஏதாச்சும் போட்டுருக்கானா?”

“நடுங்கும்னுதான் போட்டுருக்கான் அக்கா. போன தடவையும் அப்படித்தான் போட்டுருந்தான்” என்றான் சுடலைமணி.

மருத்துவமனைக்கு வெளியே அவ்வாட்டத்தை இளைஞர்கள் பொழுதுபோக்காக ஆடினர். பாழடைந்த பஞ்சாலை ஒன்றுக்குள் நால்வர் நுழைய வேண்டும். உள்ளே கிடக்கும் மின்கலங்களைப் பொறுக்கிக்கொண்டு, பூதங்களின் கையில் அகப்படாமல் வாசலுக்குத் திரும்ப வேண்டும். இறந்தவர் அந்தச் சுற்று முடியும்வரை காணலாம், கேட்கலாம், பேச இயலாது. அவ்வளவே ஆட்டம். ஆனால் மூன்றாம் தளத்தில் எவரும் மின்கலங்களைப் பொறுக்குவதில்லை.

கடும் வெப்ப அலைகள் வீசிய ஆண்டுகளுக்குப் பின் பரவிய உறைநோய், நோயாளியின் உடலைக் கொல்வதில்லை. மூச்சு நடக்கும், கண் திறந்திருக்கும், மனம் மட்டும் கிணற்றில் விழுந்த குடத்தைப் போல அடியில் கிடக்கும். மருத்துவர்கள் இசையைக் கேட்கச் செய்தனர். பெற்ற பிள்ளைகளை அழைத்துப் பேசச் செய்தனர். ஒன்றும் பயன் தரவில்லை. ஒரு நாள் நோயாளர் கூடமொன்றில் தீ பிடித்து எச்சரிக்கை மணி ஒலித்தபோதுதான், படுத்திருந்தவர்களின் மூளைப்பதிவுகள் யாவும் ஒருசேரத் துள்ளின. நெருப்பு அணைந்ததும் அவை அடங்கிவிட்டன. மூளையில் அச்சத்துக்குரிய வழியை மட்டும் நோய் அடைக்கவில்லை என்பது அன்று விளங்கிற்று. அச்சம் உள்ளவரை விழிப்பு. அச்சம் தணிந்தால் உறக்கம். தீங்கு செய்யாத அச்சத்தை வாரந்தோறும் எங்கிருந்து பெறுவது என்று தேடியவர்கள், இறுதியில் ஒரு விளையாட்டு நிறுவனத்தின் வாயிலில் போய் நின்றனர்.

பேச்சிமுத்துவின் மனைவி கோமதி உறைந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. தலையில் நரம்புப்பட்டியைக் கட்டி ஆட்டத்துக்குள் அனுப்பினால் அவளுடைய உருவம் அங்கே பொம்மையைப் போல நிற்கும். பூதம் ஒன்று எதிர்ப்பட்டு அவளை அச்சுறுத்திய கணத்தில் அவள் விழிப்பாள். பட்டி அவளுடைய எண்ணத்தை அவளுடைய குரலாகவே மாற்றித் தரும். முதல்முறை அவள் விழித்து, “ஏங்க, என்னதுங்க இது?” என்று அலறியபோது, பேச்சிமுத்து அவளைக் கட்டிக்கொண்டு, “பயப்படாத, நான் இருக்கேன்லா” என்றார். உடனே அவள் உறங்கிவிட்டாள். கணவன் சொல்லக்கூடிய மிக இயல்பான சொல்லை அவர் அன்றோடு விட்டொழித்தார்.

ஆனால் கோமதி எளிதில் அஞ்சுகிறவள் அல்லள். இரவு நேரப் பேருந்துகளில் இருபது ஆண்டுகள் நடத்துநராக இருந்தவள். ஒருமுறை கண்ட பூதம் மறுமுறை அவளுக்கு வேடிக்கையாகிவிடும். பற்களைக் காட்டிக்கொண்டு கூரையிலிருந்து இறங்கிய ஒன்றைப் பார்த்து, “டிக்கெட் எடுத்தியால?” என்று கேட்டுவிட்டு அப்படியே உறங்கிப்போனாள். அதன்பின் குடும்பத்தார் வேறொரு வழியைக் கண்டனர். தனக்கென அஞ்சாதவள் பிறருக்காக அஞ்சினாள். ஆகவே, ஒருவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உடன் நிற்க, மற்றவருள் ஒருவர் அவள் கண்ணெதிரே பூதத்துக்கு இரையாவது என்று வழக்கமாயிற்று. அவளைத் தனியே விடுவதில்லை என்பது மட்டும் மாறாத விதி.

அந்த வழியும் தேய்ந்தது. பதினான்காம் பதிப்பில் பேச்சிமுத்துவைப் பூதம் இழுத்துச் சென்றபோது, “போயிட்டு வாங்க. அடுத்த வாரம் வருவியள்லா, அப்பப் பேசிக்கிடலாம்” என்று சொல்லிக்கொண்டே கோமதி உறங்கிப்போனாள். அடுத்த இரண்டு பதிப்புகளில் அவள் விழிக்கவேயில்லை. நரம்புப்பட்டிகள் குறைவு; அவற்றுக்காகக் காத்திருப்போர் பலர். தொடர்ந்து மூன்று பதிப்புகளில் கால் மணி நேரமேனும் விழிக்காதவரின் பட்டி கழற்றப்பட்டு அடுத்தவருக்குத் தரப்படும் என்பது மருத்துவமனையின் விதி. பதினேழாம் பதிப்பு கோமதிக்கு மூன்றாவது.

அவர்களுடைய முறை வந்தது. கட்டிலைச் சுற்றி மூன்று நாற்காலிகள் இருந்தன. மருத்துவர் நஸீரா கோமதியின் நெற்றியில் பட்டியைச் சரிசெய்துவிட்டு, விழிப்புமானியின் அருகில் அமர்ந்தார். பேச்சிமுத்துவும், மகள் பரணியும், சுடலைமணியும் ஆட்டத்துக்குள் நுழைவதற்கான முகக்கூடுகளை அணிந்துகொண்டனர்.

பஞ்சாலையின் உள்ளே இருள் அடர்ந்திருந்தது. பரணி தாயின் உருவத்தைக் கைப்பிடித்து நடத்திச் சென்றாள். நூற்புக் கூடத்தின் சுவர் வீங்கிப் பிளந்து, முதல் பூதம் பாதி உடலோடு வெளியே சாய்ந்தது. பரணியே ஓரடி பின்வாங்கினாள். விழிப்புமானியின் கோடு சிறிது எழும்பியது. “பல்லி…” என்று முணுமுணுத்தாள் கோமதி. கோடு படிந்துவிட்டது.

இரண்டாவது பூதம் படிக்கட்டின் அடியிலிருந்து சுடலைமணியின் குரலில் பேசிற்று. “அக்கா, இங்க வாக்கா, எனக்குக் காலு மாட்டிக்கிட்டு.”

“என் குரலு இவ்ளோ கேவலமாவா இருக்கு?” என்றான் உண்மையான சுடலைமணி.

“இதவிடக் கேவலம் மாமா” என்றாள் பரணி. சிரிக்கத்தான் அவள் முயன்றாள். தாயின் கை அவள் கையில் மரக்கட்டையாகக் கிடந்தது.

கடைசியில் கதம்பம் வந்தது. பழைய பூதங்களின் கைகளும் வாய்களும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தைக்கப்பட்ட மலைபோன்ற உருவம், இயந்திரங்களை இடித்துத் தள்ளிக்கொண்டு அணுகிற்று. இனி வேறொன்றும் இல்லை என்பது மூவருக்கும் தெரிந்தது. எவரும் எவரையும் கேட்கவில்லை. பேச்சிமுத்து, தாமே போக வேண்டும் என்று எண்ணி ஓடினார். அதே கணத்தில் சுடலைமணியும் ஓடினான். பரணியும் தாயின் கையை விட்டுவிட்டு ஓடினாள். மூவரையும் கதம்பம் ஒரே வீச்சில் வாரிக்கொண்டது.

முகக்கூடுகளைக் கழற்றி அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தனர்.

“நீ ஏம்ட்டி வந்த? அம்மாகூட நிக்கணும்லா” என்றார் பேச்சிமுத்து.

“மாமா நிப்பாருன்னு நெனச்சேன்.”

“நான் அத்தான் நிப்பாருன்னுல்லா நெனச்சேன்” என்றான் சுடலைமணி. “போச்சு. எல்லாம் போச்சு.”

சுவர்த்திரையில் பஞ்சாலை தெரிந்தது. அசையாதவரைக் கதம்பம் தீண்டாது. அது தன் இரையோடு விலகிப் போய்விட்டது. கூடத்தின் நடுவே கோமதி தனியாக நின்றாள். எங்கும் ஓசையில்லை. அப்போது மருத்துவர் நஸீரா நாற்காலியை விட்டு எழுந்தார். விழிப்புமானியின் கோடு செங்குத்தாக ஏறிக்கொண்டிருந்தது.

“ஏங்க” என்றாள் கோமதி.

ஆறு ஆண்டுகளில் அவள் குரல் அத்தனை தெளிவாக ஒலித்ததில்லை. பரணி கட்டிலின் பக்கவாட்டிலிருந்த பேச்சுப் பொத்தானை நோக்கிப் பாய்ந்தாள். பட்டி கட்டப்பட்டிருக்கும்போது அந்தப் பொத்தானை அழுத்திப் பேசினாலன்றி அறையின் ஓசை எதுவும் கோமதிக்குக் கேளாது. பேச்சிமுத்து மகளின் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டார்.

“எப்பா, விடுங்க. கூப்பிடுதால்லா.”

“பேசினா தூங்கிருவா. கால் மணி நேரம் ஆகட்டும்.”

“மணி, ஒளிஞ்சு வெளையாடாதல” என்றது திரையிலிருந்த குரல். “பரணி, எங்கட்டி போனீய எல்லாரும்?” அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். “சரி, செத்துட்டியள். தெரியுது. ஒரு ஆளாவது நிப்பியள்லா எப்பவும்?”

சுடலைமணி சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கோமதி இருளில் இரண்டடி நடந்தாள், நின்றாள். “நான் பயப்படலன்னு கோவமா? கேலி பண்ணுதேன்னு இனிமே வரமாட்டியளா?” அவள் குரல் உடைந்தது. “பயப்படுதேங்க. இன்னா பாருங்க, பயந்துட்டேன். பயந்துட்டேன்லா, வாங்க.”

அவள் அழைத்துக்கொண்டேயிருந்தாள். பேச்சிமுத்துவின் பிடி தளரவில்லை. அவருடைய கன்னத்தில் நீர் வழிந்து சட்டையில் சொட்டிக்கொண்டிருந்தது. மருத்துவர் நஸீரா மானியை விட்டுக் கண்ணை எடுக்காமல், “கால் மணி நேரம் ஆயிடுச்சு. பதிவாயிடுச்சு. இப்ப பேசலாம்” என்றார். பரணி பொத்தானை அழுத்தி, “அம்மா, இங்கதாம்மா இருக்கோம்” என்றாள். “அப்பாடா” என்ற ஒரு சொல்லோடு கோடு தரையில் படிந்துவிட்டது.

பட்டி காப்பாற்றப்பட்டது. ஆனால் அன்றைய பதிவு வழக்கம்போல நிறுவனத்துக்கும் சென்றது. பதினெட்டாம் பதிப்பில் ஒரே ஒரு புதிய பூதம் இருந்தது. அதற்கு உருவம் இல்லை, ஒலி இல்லை, அது வரும்போது உடன் வந்தோர் அனைவரும் மறைந்துவிடுவர் என்று குறிப்பில் எழுதியிருந்தது. அது எந்தப் பதிப்பிலும் தேயாது என்று பின்னர்த் தெரியவந்தது. மூன்றாம் தளத்தின் ஒவ்வோர் அறையிலும் நோயாளிகள் வாரந்தவறாமல் விழித்து, தங்களுடையவர்களைப் பெயர்சொல்லி அழைத்தனர். கட்டிலருகே குடும்பத்தார் வாயைப் பொத்திக்கொண்டு அமர்ந்து கேட்டனர். பட்டிகள் ஒன்றுகூடக் கழற்றப்படவில்லை.

பரணி இரண்டு வாரம் வந்தாள். மூன்றாம் வாரம், “அம்மாவ அழ வச்சு எனக்குக் கேக்க வேண்டாம்” என்று சொல்லி நின்றுவிட்டாள். சுடலைமணி அறைவாசல் வரை வந்துவிட்டு, தேநீர் குடிக்கப் போவதாகச் சொல்லிக் கீழே இறங்கிவிடுவான். பேச்சிமுத்து மட்டும் தவறாமல் வந்து பொத்தானருகே அமர்ந்தார். முதலில் அவர் கால் மணி நேரம் முடிந்தவுடன் அழுத்தினார். பின்னர்ச் சற்றே தாமதித்தார். தனிமையில் அஞ்சுகிறவர்கள் அச்சத்தை விரட்ட உரக்கப் பேசுவார்கள். கோமதியும் பேசத் தொடங்கியிருந்தாள். அவர் மறந்துபோன பலவற்றை அவள் நினைவில் வைத்திருந்தாள்.

“சார், பதிவு முடிஞ்சு ரொம்ப நேரமாச்சு” என்றார் மருத்துவர் நஸீரா ஒரு நாள். “அவங்களுக்கு நாடி ரொம்ப வேகமா ஓடுது. அழுத்திடுங்க.”

“ஒரு நிமிசம் டாக்டர். நாங்க ரெண்டு பேரும் மொதமொதல்ல பழக்கமான கதையச் சொல்லுதா.”

திரையில் கோமதி ஓர் இயந்திரத்தின் அடியில் ஒடுங்கி அமர்ந்து, முழங்கால்களைக் கட்டிக்கொண்டு, எவருமில்லாத இருளை நோக்கிச் சொல்லிக்கொண்டிருந்தாள். “அன்னைக்குக் கடைசி வண்டி. அவரு எறங்க வேண்டிய ஊரு வந்துட்டு. பாத்தா, சன்னல்ல தலைய சாச்சுத் தூங்கிக்கிட்டிருக்காரு. விசில ஊதுனா முழிச்சிருவாரு…”

அவள் சற்று நின்று, செவிகூர்ந்தாள். ஒருவரும் வரவில்லை. நடுங்கும் குரலில் மறுபடியும் தொடங்கினாள்.

“எழுப்ப மனசு வரல. பாவம், தூங்கட்டும்னு விட்டுட்டேன்.”

பேச்சிமுத்து பொத்தானை அழுத்தாமலே விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.