ஆந்தையின் காலில் ஒரு கீறல்

போன் அலறியது!

லென்ஸ் அக்கா பல் துலக்கிக் கொண்டிருந்தாள். வாய் நிறைய நுரை. பழங்காலக் காசுகளில் எது அசல், எது போலி என்று சொல்வது அவள் தொழில். எந்நேரமும் பூதக்கண்ணாடியும் கையுமாக அலைவதால் ஊரே சேர்ந்து வைத்த பெயர் அது.

"அக்கா..."

தம்பி! மியூசியத்தில் நாணய அறைக்குப் பொறுப்பாளன். குரல் உடைந்திருந்தது.

"என்னைப் போலீஸ் பிடிச்சு வச்சிருக்குக்கா!"

"என்னடா உளர்ற?"

"கிரேக்க ஆந்தைக் காசை யாரோ மாத்திட்டாங்க... நான்தான் மாத்தினேன்னு டைரக்டர் சொல்றாரு!"

நுரையை அப்படியே விழுங்கினாள்.

தம்பிக்குக் குழந்தை பிறந்து ஆறு நாள்தான் ஆகிறது. குழந்தைக்கு இன்னும் பெயர்கூட வைக்கவில்லை. அதற்குள் அப்பனுக்குக் கைதி நம்பர் வைத்து விடுவார்கள் போலிருக்கிறதே!

மியூசியத்துக்கு ஓடினாள்.

நாணய அறையில் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கோட்டும் சூட்டுமாக டைரக்டர். மூலையில், பேயறைந்த மாதிரி தம்பி.

"நாளைக்கு வெளிநாட்டுக் கண்காட்சிக்கு அனுப்பணும்னு இன்னிக்கு எடை போட்டேன்," என்றார் டைரக்டர். "ஒரு கிராம் குறையுது! போன திங்கட்கிழமை லீவுல போறதுக்கு முன்னாடியே இவன் கைவரிசையைக் காட்டிட்டான்."

"நான் பார்க்கலாமா?"

இன்ஸ்பெக்டர் முறைத்தார். "நீங்க இவனோட அக்கா. உங்களை எப்படி நம்பறது?"

"என்னை நம்ப வேணாம் சார். லென்ஸைப் பிடிங்க. உங்க கண்ணை நம்புங்க!"

காசின் ஒரு பக்கம் தேவதையின் முகம். மறுபக்கம் ஆந்தை. இன்ஸ்பெக்டர் ஒற்றைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு குனிந்தார்.

"புள்ளி புள்ளியா குழி தெரியுதும்மா..."

"காத்துக் குமிழி சார். அந்தக் காலத்துல வெள்ளித் துண்டை வச்சு, சுத்தியலால அடிச்சுத்தான் காசு செஞ்சாங்க. இது உருக்கி, அச்சுல ஊத்தினது."

"போலின்னு நான்தான் ஏற்கெனவே சொல்லிட்டேனே!" டைரக்டர் எரிந்து விழுந்தார்.

"கொஞ்சம் இருங்க சார். இன்ஸ்பெக்டர், ஆந்தையோட காலைப் பாருங்க."

"ஒரு கீறல் இருக்கு."

"அது என்ன கீறல்டா?" தம்பி பக்கம் திரும்பினாள்.

அவன் தலையைத் தொங்கப் போட்டான். "போன திங்கட்கிழமை நாலு மணிக்கு... துடைக்கும்போது கை நழுவிருச்சுக்கா. அசல் காசு இரும்பு ஸ்டாண்ட் மேல விழுந்து கீறிருச்சு. உடனே ரிஜிஸ்டர்ல எழுதிட்டேன்..."

"எந்த ரிஜிஸ்டர்?" டைரக்டரின் குரல் கீச்சிட்டது.

"நீங்க கையெழுத்துப் போட்டீங்களே சார்!"

இன்ஸ்பெக்டர் பக்கத்தைப் புரட்டினார். எல்லாம் இருந்தது! நாலு மணிக்கு, ஆந்தையின் இடது காலில் கீறல். ஐந்து மணிக்கு, சாவி டைரக்டரிடம் ஒப்படைப்பு. இரண்டுக்கும் கீழே டைரக்டரின் கையெழுத்து... வாலைச் சுழற்றிக் கொண்டு!

"படிச்சுட்டுத்தானே போட்டீங்க?"

"தினம் முப்பது இடத்துல போடறேன்! எல்லாத்தையும் படிச்சுக்கிட்டு உட்கார முடியுமா?"

லென்ஸ் அக்கா சிரித்தாள்.

"அச்சு எடுத்தா கீறலும் சேர்ந்து வந்துரும் சார். அப்படின்னா, காசு கீழ விழுந்த அப்புறம்தான் அச்சு எடுத்திருக்காங்க. நாலு மணிக்கு விழுந்துச்சு. அஞ்சு மணிக்கு சாவி கை மாறிருச்சு. நடுவுல ஒரே ஒரு மணி நேரம்! அதுக்குள்ள அச்சு எடுத்து, வெள்ளியை உருக்கி, ஊத்தி, பழசு மாதிரி கறுப்பாக்கி... இவனுக்கு டீ போடவே ஒண்ணரை மணி நேரம் ஆகும் சார்!"

"அக்கா!" என்றான் தம்பி பரிதாபமாக.

"நீ வாயை மூடு. அஞ்சு மணிக்கு அப்புறம் சாவி யார்கிட்ட இருந்துச்சோ, அவர்தான் காசை மாத்தினது, இன்ஸ்பெக்டர்!"

டைரக்டர் பூனை மாதிரி கதவுப் பக்கம் நகர்ந்தார்.

வாசலில் நின்ற கான்ஸ்டபிள் மறித்தார்.

டைரக்டரின் கோட்டுப் பையில் கை விட்டார். மூக்குக்கண்ணாடிக் கூடு வந்தது. அதைத் திறந்தால்... உள்ளே இன்னொரு ஆந்தை!

டைரக்டர் நாற்காலியில் பொத்தென்று விழுந்தார். "வாங்கறவன் இன்னிக்கு மத்தியானம் வர்றதா இருந்தான்... எல்லாம் போச்சு!"

தம்பி அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதான். அவளும் அழுதாள். வெட்கமே படாமல், மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதாள்.

"சரி சரி, போதும்," இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். "அசல் கிடைச்சிருச்சு. ஒரு தடவை பார்த்துச் சொல்லிடுங்கம்மா. எழுதிக்கறேன்."

லென்ஸ் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காசைத் திருப்பினாள். ஓரத்தைப் பார்த்தாள்.

மறுபடியும் பார்த்தாள்!

"சார்... இதுவும் போலி."

"என்னது?!"

"ஓரம் முழுக்க அரம் போட்டுத் தேய்ச்சிருக்கு. ரெண்டு பாதி அச்சு சேர்ற இடத்துல ஒரு கோடு விழும். அதை மறைக்கத்தான் இந்த வேலை. கண்ணாடிப் பெட்டிக்குள்ள படுத்தே கிடந்ததால ஓரத்தை யாரும் பார்க்கல."

"இருக்காது!" டைரக்டர் துள்ளி எழுந்தார். "பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி நானே பார்த்து, நானே சர்ட்டிபிகேட் குடுத்து வாங்கின காசும்மா அது!"

"அப்பவும் படிக்காமத்தான் கையெழுத்துப் போட்டீங்களா சார்?"

டைரக்டரின் முகம் வெளிறியது. கான்ஸ்டபிள் விலங்கை மாட்டினார்.

"அப்போ... ஒரு போலிக்குப் போலி செஞ்சதுக்கா நான் ஜெயிலுக்குப் போறேன்?"

லென்ஸ் அக்கா அவர் தோளைத் தட்டிக் கொடுத்தாள்.

"கவலைப்படாதீங்க சார்... ஜெயில் அசல்தான்!"