கதவு சாத்திய கூட்ஸ் பெட்டி

ஆந்த்ரே எழுந்தான். ஸ்டவ்வைப் பற்ற வைத்தான். பால் புட்டியையும் ரப்பர் காம்பையும் தண்ணீரில் போட்டுக் கொதிக்க விட்டான். அது கொதிக்கிற நேரத்தில் முகம் மழித்துக்கொண்டான். சைக்கிளில் வரும் ரொட்டிக்காரனிடம் இரண்டு நீள ரொட்டி வாங்கி, ஒன்றை மாமியாருக்கென்று தனியே மூடி வைத்தான். பாலைக் கலக்கிப் புட்டியில் ஊற்றி, புறங்கையில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்தான். ஊட்டுகிற மாமியாரிடம் கொடுக்க மாடிக்குப் போனான். மனைவி சூசான் செத்ததிலிருந்து தினமும் இதுதான். யோசிக்க வேண்டியதில்லை.

அன்று மாடி அறையில் ஒரு கூட்ஸ் பெட்டி இடம் மாறி நின்றது.

அந்த அறையின் மூன்று சுவர்களை ஒட்டி இடுப்பு உயரத்துக்கு மேஜை. மேஜை மேல் தண்டவாளம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சூசானின் அப்பா மர்சேயில் வாங்கி வந்த மின்சாரப் பொம்மை ரயில் அது. அவர் போன பிறகு சூசானுடையது. கிழக்குக் கோடியில் ஆந்த்ரேயின் ஸ்டேஷன், மேற்குக் கோடியில் அவளுடையது. மேற்குக் கோடிக்கு மேலேதான் உத்திரத்தில் குழந்தையின் தூளியைக் கட்டியிருந்தார்கள். மழைக்காலத்தில் அந்த வீட்டில் ஒழுகாத அறை அது ஒன்றுதான். தவிர, ரயில் ஓடும் சத்தம் கேட்டால்தான் குழந்தை தூங்கியது. மத்தியானம் ஆபீசிலிருந்து வந்து அரை மணி நேரம் ரயிலை ஓட்டுவான். குழந்தைக்காக அவன் மனம் வைத்துச் செய்தது அது ஒன்றே. மூன்று மாதக் குழந்தையின் முகத்தை அவன் சரியாகப் பார்த்ததில்லை. பார்த்தால் அதில் சூசான் இருப்பாளோ என்றிருந்தது.

முந்தின நாள் கிழக்கே நிறுத்தி, கதவைச் சாத்தி வைத்த பெட்டி இப்போது மேற்கே, தூளிக்கு நேர் கீழே நின்றது. கதவு திறந்திருந்தது.

பெருக்க வந்த அஞ்சலாட்சியிடம் கேட்டான். வைத்திக்குப்பத்திலிருந்து வருகிறவள், பேசப் பயப்படாதவள், அவனைப் பிரெஞ்சு வழக்கில் 'முசியே' என்று கூப்பிடுகிறவள். தான் தொடவில்லை என்றாள். குனிந்து பெட்டிக்குள் பார்த்தாள்.

"வாயத் தொறந்துக்கினு நிக்குது பாரு முசியே. எதுனா போட்டாத்தான் மூடும் போல."

அவளுக்குத் தெரியாது. அந்த அறையில் கதவு திறந்த பெட்டிக்கு ஓர் அர்த்தம் இருந்தது.

ரயில் ஓடும்போது பேசக் கூடாது என்பது சூசான் வைத்த சட்டம். தனக்கு ஏதாவது வேண்டுமென்றால் காலிப் பெட்டியின் கதவைத் திறந்து தன் பக்கம் நிறுத்துவாள். எனக்குச் சரக்கு வேண்டும் என்று பொருள். என்ன சரக்கு என்று சொல்ல மாட்டாள். அவன்தான் ஊகித்து, பெட்டியைத் தன் பக்கம் வரவழைத்து ஏற்றி, கதவைச் சாத்தி அவளிடம் அனுப்ப வேண்டும். தப்பானதை அனுப்பினால் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டு மறுபடியும் கதவைத் திறந்து வைப்பாள். கல்கண்டு, நூல்கண்டு, ஒரு தரம் அவன் கைக்கடிகாரம். சரியானது வரும்வரை விடமாட்டாள். கதவு சாத்திப் போய்ச் சேர்ந்த பெட்டியில் இருப்பது அதற்கப்புறம் அவளுடையது. திரும்பக் கேட்கக் கூடாது.

அன்று மத்தியானம் ஆந்த்ரே அந்தப் பெட்டியில் அவளுடைய கொண்டை ஊசி ஒன்றைப் போட்டு, கதவைச் சாத்தினான். ஏன் என்று கேட்டால் அவனால் சொல்ல முடியாது. கைப் பழக்கம்.

மறுநாள் காலை கொண்டை ஊசி தண்டவாளத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. பெட்டியின் கதவு திறந்திருந்தது.

பயந்தான். ஆனால் அவள் போனதிலிருந்து உள்ளே மரத்துக் கிடந்த ஏதோ ஒன்று அந்தப் பயத்தில் அசைந்தது. அடுத்தடுத்த நாட்களில் அவளுடைய ஜெபமாலையைப் போட்டான். ரவிக்கைக் கொக்கியைப் போட்டான். கல்யாண மோதிரத்தையும் போட்டான். ஒவ்வொன்றும் இறங்கிப் பக்கத்தில் கிடந்தது. ஒவ்வொன்றைச் சுற்றியும் கொஞ்சம் ஈர மணல். வெளியே கார்த்திகை மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. சுவரெல்லாம் பூஞ்சை வாடை, தூளித் துணியில் பால் புளித்த வாடை. அந்தப் பெட்டியிடம் மட்டும் வேறு வாடை. புதிதாகத் தோண்டிய ஈரமும் வாடிய சாமந்தியும் கலந்தது.

அது எங்கிருந்து வருகிறது என்று அவனுக்குத் தெரியும்.

அந்தப் பெட்டியை அவள் முடிக்கவில்லை. பிஸ்கட் டின்னை வெட்டிப் பக்கங்கள் அமைத்து, நகரும் கதவு பொருத்தி, புதுச்சேரி ஸ்டேஷனில் நிற்கும் கூட்ஸ் பெட்டிகளின் நிறம் வர வேண்டுமென்று செங்கல் பொடியைப் பெயிண்டில் குழைத்து ஒரு பக்கம் மட்டும் பூசியிருந்தாள். அதற்குள் பிரசவம் வந்தது. பிரசவத்தோடு ஜுரம் வந்தது. மறுபக்கத்தை அவன் பூசினான். ஓட்டிப் பார்த்தால் கனம் போதாமல் வளைவில் கவிழ்ந்தது. கனத்துக்கு அவள் மணல்தான் வைப்பாள். கடற்கரை மணலை வாணலியில் வறுத்து, துணியில் தைத்து, பெட்டியின் இரண்டு அடித்தட்டுகளுக்கு நடுவே செருகுவாள். அவனிடம் இருந்தது வேறு மணல். கல்லறைத் திருநாளன்று உப்பளம் கல்லறைத் தோட்டத்தில், இன்னும் கல் பதிக்காத அவள் மண்மேட்டின் முன்னால் மண்டியிட விரித்த கைக்குட்டையில் வந்த மணல். உதறி எறிய மனம் வரவில்லை. அதையே தைத்து வைத்தான். அப்புறம் பெட்டி கவிழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மாமியார் மதலேன் பேச்சை எடுத்தாள். பிரான்சில், துலோனில் இருக்கும் மகன் ரோஜே கப்பலுக்குச் சீட்டு எடுத்துவிட்டானாம். பொங்கலுக்குள் புறப்பட வேண்டுமாம். மடியில் வெள்ளைக் கம்பளி நூல். பிரான்சுக் குளிருக்காகக் குழந்தைக்குக் காலுறை பின்னிக்கொண்டிருந்தாள். ஆந்த்ரேயின் முகத்தைப் பார்க்காமலே பேசினாள்.

"கொழந்தய நான் எடுத்துட்டுப் போறேன். நீ இங்கயே ரயிலு வுட்டுக்கிட்டு இரு."

இரண்டு கண்ணி பின்னிவிட்டு மேலும் சொன்னாள்.

"சாகும்போது எம்பொண்ணு என்ன சொன்னா? கொழந்தயப் பாத்துக்குங்கன்னு சொன்னா. சாமியார் கோயில்ல சொல்லி எல்லாரும் அழுதாங்க. நீ ஒரு நாளாவது அதத் தூக்கி இருக்கியா?"

அதை சூசான் சொல்லவில்லை. கடைசியாக என்ன சொன்னாள் என்று வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள், ஏதாவது ஒன்று சொல்ல வேண்டியிருந்தது, சொன்னான். இப்போது அது அவள் சொன்னதாகவே ஆகிவிட்டது.

அன்று மாலை தூளி அருகே போய் முதல் தடவையாகக் குழந்தையை உற்றுப் பார்த்தான். அதன் முகத்தில் சூசான் இல்லை. வேறு யாரும் இல்லை. அதன் முகம்தான். அது அவன் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டது. விடவில்லை. கப்பலில் அனுப்ப மாட்டேன் என்று காலையில் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தான்.

காலையில் பெட்டியின் கதவு சாத்தியிருந்தது.

தண்டவாளத்துக்குப் பக்கத்தில் எதுவும் இறக்கி வைக்கப்படவில்லை. அவன் எதையும் போடவும் இல்லை. பெட்டியைக் கையில் எடுத்தான். ஒரு சாண் நீளப் பெட்டி அம்மிக் குழவி போலக் கனத்தது. கதவை நகர்த்தினான். உள்ளே குழந்தையின் வெள்ளைக் காலுறை ஒன்று. உப்பியிருந்தது. தட்டையாகக் கிடக்க வேண்டிய கம்பளி, குதிகாலும் விரல்களும் வைத்து, உள்ளே ஒரு பாதம் இருப்பது போல நிமிர்ந்திருந்தது. தொட்டான். ஈர மணல்.

கதவைச் சாத்தினான். கை தானாகச் சாத்தியது.

அஞ்சலாட்சி வாசலில் கோலம் போட முடியாத மழையைத் திட்டிக்கொண்டு நின்றாள். காலுறையைப் பற்றிக் கேட்டான். ஆமாம், நேற்றுப் பெருக்கும்போது தான்தான் போட்டதாகச் சொன்னாள்.

"கீழ கெடந்துச்சு. காணாப் போவாம இருக்கட்டும்னு அதுல போட்டு மூடி வெச்சேன். ஏன் முசியே, எதுனா தப்பா?"

மணல்? என்ன மணல் என்றாள்.

மாமியாரிடம் குழந்தையைக் கீழே எடுத்து வரச் சொன்னான். ஒழுகுகிற கூடத்தில் போட்டுக் குழந்தைக்கும் ஜுரம் வரவைக்கப் பார்க்கிறாயா என்று கேட்டாள். ஒரு சாவு போதாதா என்றாள். சரி, அறையை விட்டு நகராதீர்கள், தூளியிலிருந்து கையை எடுக்காதீர்கள் என்று கெஞ்சினான். பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள். ஆனால் நாற்காலியைத் தூளிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

ஆபீசுக்குப் போகவில்லை. பெட்டியைத் துணியில் சுற்றி, சைக்கிள் கூடையில் வைத்துக்கொண்டு உப்பளத்துக்கு மிதித்தான். காலை நேரம், ஆனால் வானம் அடுப்புக்கரி போல இறங்கிக் கிடந்தது, வாய்க்கால் நிரம்பித் தெருவில் புரண்டது, எதிரே ஒரு ரிக்‌ஷா கூட இல்லை, கூடையில் இருந்தது மேடு பள்ளத்தில் குலுங்காமல் முன் சக்கரத்தைத் தரையோடு அழுத்திக்கொண்டே வந்தது. கல்லறைத் தோட்டத்தில் காவல்காரன் இல்லை. திருநாளுக்கு வைத்த மெழுகுவர்த்திகளின் அடிக்கட்டைகள் சேற்றில் மிதந்தன. சூசானின் மண்மேடு நடுவில் குழிந்திருந்தது. மழையில் அமுங்கியிருக்கும் என்று சொல்லிக்கொண்டான். அங்கிருந்து வந்த மணல் அங்கேயே போகட்டும். முழங்கை ஆழத்துக்குத் தோண்டி, பெட்டியை அப்படியே உள்ளே வைத்து, இரண்டு கையாலும் மண்ணைத் தள்ளி மூடினான். மிதித்து இறுக்கினான். மண் நெகிழ்ந்து கொடுத்தது. கீழிருந்து யாரோ வாங்கிக்கொண்டது போல.

சிலுவைக் குறி போட்டான். மனசு லேசானது. நாளைக்கே மாமியாரிடம் சொல்லிவிடலாம். குழந்தை என்னோடுதான் இருக்கும்.

பாதி வழியில் சைக்கிளை நிறுத்தினான்.

காலுறையை எடுக்கவில்லை.

கதவு சாத்தியிருந்தது. சரக்கு உள்ளே இருந்தது. அவள் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தவன் அவன். தன் கையால். கதவு சாத்திப் போய்ச் சேர்ந்தது அவளுடையது. திரும்பக் கேட்கக் கூடாது.

மிதித்தான். செயின் கழன்றது. சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினான்.

தெருவில் கரண்ட் இல்லை. வீட்டுக் கூடம் இருட்டு. ஸ்விட்சைத் தட்டினான். எரியவில்லை. வீட்டில் எங்கும் எரியவில்லை.

மாடியில் ரயில் ஓடிக்கொண்டிருந்தது.

படியில் நின்றான். தடக், தடக். மெதுவாக. அவ்வளவு கனத்தை இழுக்கும் என்ஜின் எப்படிப் போகுமோ அப்படி. வளைவில் தேய்கிற சத்தம். பிறகு நேர் பாதை. மேற்குப் பக்கம் போகிறது. நின்றது.

படிகளில் மணல். வெறுங்காலுக்குச் சில்லென்றது.

கதவைத் தள்ளினான். ஜன்னல் பலகைகளின் இடுக்கில் சாம்பல் வெளிச்சம். மாமியார் நாற்காலியில் இருந்தாள். கண்கள் பாதி செருகியிருந்தன. ஒரு கை தூளியை ஆட்டிக்கொண்டிருந்தது. நகர வேண்டாம் என்று சொன்னான், நகரவில்லை. கையை எடுக்க வேண்டாம் என்று சொன்னான், எடுக்கவில்லை.

"சத்தம் போடாத," என்றாள். "இப்பதான் தூங்குச்சு."

தூளி ஆடியது. கனமாக. உத்திரம் முனகியது. துணியின் அடி இறங்கிப் போய், அதிலிருந்து சொட்டு சொட்டாக ஏதோ விழுந்துகொண்டிருந்தது. தண்ணீர் இல்லை.

துணியை விலக்கினான்.

மணல். ஈர மணல். தலை, வயிறு, மடக்கிய கால்கள். அவன் விரலைப் பிடித்த அந்தக் கை, விரல்கள் மூடியபடி. ஒரு காலில் மட்டும் வெள்ளைக் காலுறை. ஆட்ட ஆட்டச் சரிந்துகொண்டிருந்தது. முகம் முதலில் போனது.

மாமியாரின் கை நிற்கவில்லை.

கீழே, மேற்கு ஸ்டேஷனில், சேறு படிந்த கூட்ஸ் பெட்டி. சாமந்தி இதழ் ஒன்று கூரையில் ஒட்டியிருந்தது. கதவு சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து, வெகு தூரத்திலிருந்து வருவது போல, ஒரு குழந்தையின் அழுகை. ஒரு நிமிஷம் அழுதது. பிறகு யாரோ தூக்கிக்கொண்டது போல அடங்கியது.

அவன் கதவைத் திறக்கவில்லை. கையை நீட்டினான், திறக்கவில்லை.

அந்தக் கடைசி நாள் மத்தியானம் சூசான் கண்ணைத் திறந்து குழந்தையைக் கேட்டிருந்தாள். ஜுரத்தில் கொடுக்கக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். அப்பறம் தரேன் என்று சொன்னான். அவள் கோபப்படவில்லை. கையை மட்டும் கொஞ்ச நேரம் நீட்டியபடியே வைத்திருந்தாள், பிறகு போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"சரி. அப்பறமா நானே வாங்கிக்கறேன்."