நாடி பொருந்தியது

மத்தியானம் மூன்று மணிக்கு அவள் கையிலிருந்த வாட்ச் மெல்ல அதிர்ந்து, காலையிலேயே கேட்டு முடித்த கேள்வியை மறுபடி கேட்டது: "நாடி பொருந்துகிறது. பட்டையை இணைக்கலாமா?"

அந்தப் பட்டை உள்ளறையில் தூங்கும் பாப்பாவின் காலில் இருந்தது. போன மாதம் காய்ச்சலில் வலிப்பு வந்து குழந்தை பிழைத்ததே பெரும்பாடாகிவிட்டதால், நாடி தவறினால் உடனே தெரியட்டும் என்று நாடியை அளக்கும் தன் கம்பெனிப் பட்டையையே கட்டியிருந்தாள். அதை வடிவமைத்தவர்களில் அவளும் ஒருத்தி. ரகசிய எண், கடவுச்சொல் என்று யாரையும் படுத்தக் கூடாது. பட்டையின் எண்ணை வாட்ச் எப்போதும் காட்டும்; ஆனால் இரண்டும் ஒரே உடம்பைத் தொட்டு, ஒரே நாடியைக் கேட்டால்தான் இணையும். அந்நியன் எவனும் உள்ளே புக முடியாது. பத்து விநாடி பதில் வராவிட்டால் மௌனம் சம்மதம் என்ற விதியும் அவள் யோசனைதான். மீட்டிங்கில் சிரித்துக் கைதட்டினார்கள்.

'வேண்டாம்' என்று அழுத்தினாள். மறுபடி கேட்டது. மறுபடி அழுத்திவிட்டு, கூட வேலை பார்ப்பவனுக்குப் போன் செய்தாள்.

"ரெண்டும் உங்க கையிலதானேக்கா இருக்கு?"

"இல்லப்பா. பட்டை பாப்பா கால்ல இருக்கு."

"அப்ப அது கேக்கவே கூடாதே. குழந்தைக்கு நூத்திப்பத்து ஓடும், உங்களுக்கு எழுபதுதானே." கொஞ்சம் யோசித்தான். "பட்டையக் கழட்டிப் போட்டுப் பாருங்க."

போனை வைத்துவிட்டு உள்ளறைக்குப் போனாள். திரை இழுத்த அறையில் பவுடர் வாசனையும் ஈரத்துணி நெடியும் கலந்திருக்க, மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தரம் கிறீச்சிட்டது. பாப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். வாட்சில் இரண்டு எண்கள். அவளுக்கு எண்பத்திநாலு. பட்டையிலும் எண்பத்திநாலு.

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். நாடி மட்டும் எப்படி ஒன்றாகும்? அவளுக்குப் பயமாக இருந்தது. தொண்ணூற்றேழு. பட்டையிலும் அதே. மூச்சை அடக்கினாள். இரண்டும் சேர்ந்து இறங்கின.

வாரி எடுத்தாள். அதே எடை. அதே பால் மணம். அவள் கழுத்தில் பாப்பாவின் மூச்சு மட்டும் படவில்லை.

வாட்ச் அதிர்ந்தது. பதில் சொல்லக் கை ஒழியவில்லை. பத்து விநாடி.

இணைந்தது.

சின்னக் கை அவள் முதுகில் தட்டியது. தூங்க வைப்பதுபோல. ஒரு தட்டு. அவள் நெஞ்சு ஒருமுறை அடித்தது. இன்னொரு தட்டு. இன்னொரு அடி. நடுவில் எதுவும் இல்லை.

அறுபது. நாற்பத்திரண்டு.

இறக்கிவிட நினைத்தாள். கை அசையவில்லை.

இருபது.

எதிரே அலமாரிக் கண்ணாடியில், அவள் தோளுக்கு மேல், அந்தக் கை ஓங்கியபடி நின்றது. இன்னும் கீழே வரவில்லை.