பின் கதவுப் பூட்டு

கல் குவாரிக் குழியில் தேங்கிய தண்ணீரின் ஆழத்தை அளக்க முருகவேல் இறக்கும் டேப், முனையில் கனமில்லாமல் மிதந்தது. அதனால் அன்று காலை வீட்டுப் பின் கதவின் பூட்டைக் கழற்றி, டேப் முனையிலிருந்த இரும்பு வளையத்தில் கோத்து அமுக்கினான். டக்கென்று பூட்டிக்கொண்டது. இனி திறக்கத்தான் சாவி வேண்டும். சாவியைக் கதவோர ஆணியில் மாட்டினான்.

“அப்போ கதவுக்கு?” என்றாள் அன்புச்செல்வி.

“சாயங்காலம் வந்து மாட்டிடறேன். அதுக்குள்ள திருடிப் போக இங்க என்னா இருக்கு, உங்கம்மா குடுத்த ஓட்டை குண்டானா?”

“அதுலதான் உங்களுக்கு சோறு வேகுது.”

சிரித்துக்கொண்டே சைக்கிளை எடுத்தான். திரும்பி வரவில்லை. அன்றுதான் குழியில் மண் கொட்டி மூடத் தொடங்கியிருந்தார்கள்.

“உள்ள ஆளே இல்லம்மா, நான் பாத்துட்டுதான் கொட்டச் சொன்னேன்” என்றார் சூப்பர்வைசர் கோதண்டராமன். “இந்த ஊர்ல குடும்பத்த உட்டுட்டு காவி கட்டினவங்க கொஞ்சமா? கிரிவலப் பாதையில போய் தேடு.”

மூன்று வருடம் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் தேடினாள். ஜடைக்குள்ளும் திருநீற்றுக்குள்ளும் அவன் முகம் இல்லை. இதற்கிடையில், மூடிய குழியின்மேல் மரக்கன்று நட்டு, தரை உள்வாங்குகிறதா என்று பார்க்க ஒரு குழாய் இறக்கியபோது, மாதாமாதம் அதை அளக்கும் வேலையை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். டேப் முனையில் ஒரு போல்ட்டைக் கம்பியால் கட்டி இறக்குவாள். எப்போதும் பதினெட்டு மீட்டர்.

போன மாதம் பதினேழு. கோதண்டராமன் பதினெட்டு என்றே எழுதச் சொன்னார்.

இன்று கடைசி ஆய்வு. வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசிலிருந்து வந்த அதிகாரி ஆதிமூலத்திடம் அவள் தனியாகக் கேட்டாள்: “ஒரு தரம் தோண்டிப் பாக்கச் சொல்லுங்க சார். எங்க வீட்டுக்காரர் உள்ளதான் இருக்காரு.”

“காரணம் காட்டணுமேம்மா. அளவு மாறி இருந்தா நானே எழுதறேன். சரியா இருந்தா இன்னியோட ஃபைல் மூடிடும்.”

நாலு மணி வெயில் கன்றுகளின் மேல் மஞ்சளாய்ப் படிந்திருக்க, தூரத்தில் மலை தலையில் மேகத்தோடு அசையாமல் நிற்க, குழாயின் மூடியைத் திறந்ததும் ஈரமண் வாடையோடு, முருகவேல் எந்நேரமும் மெல்லும் லவங்கத்தின் வாசனையும் மேலே வந்தது. அவள் டேப்பை இறக்கினாள். போல்ட் குழாய்ச் சுவரில் உரசி உரசிப் போய் எதன்மேலோ மெத்தென்று நின்றது.

“பதினொன்னு சார்.”

அவள் மனசுக்குள் ஏதோ துள்ளியது. காரணம் கிடைத்துவிட்டது.

“மண்ணு அடைச்சிருக்கும்” என்றார் கோதண்டராமன்.

“இன்னொரு தரம் உடும்மா” என்றார் ஆதிமூலம்.

ஏழு.

துள்ளியது அடங்கிவிட்டது. மண் கீழே இறங்கும். மேலே ஏறாது.

மறுபடியும். மூன்று.

கன்றுகளில் ஓர் இலைகூட அசையவில்லை. குழாய்க்குள் கம்பி முறுக்குப் பிரிகிற சின்னச் சத்தம். மெதுவாக. பொறுமையாக. பிறகு ஒரு டக்.

டேப் சுண்டியது. ஒரு தரம். இன்னொரு தரம்.

குழிக்குள் இருப்பவன் இரண்டு தரம் சுண்டினால் மேலே இருப்பவர் இழுக்க வேண்டும். அளக்கிறவர்களின் வழக்கம்.

இழுத்தாள்.

போல்ட் இல்லை. அவள் டேப்பின் வளையத்தில் சேறு வழிய அந்தப் பூட்டு. பூட்டியபடி.

ஆதிமூலம் இரண்டடி பின்னால் நகர்ந்தார். ஜீப்பின் மேல் காகிதத்தை வைத்து, அவளைப் பார்க்காமல், பதினெட்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கோதண்டராமன் குழாய் வாயில் மூடியை வைத்துக் கல்லால் அடித்து இறுக்கினார். அவர் அடிப்பதை நிறுத்திய பிறகும் சத்தம் நிற்கவில்லை. இரண்டு தட்டு. இடைவெளி. இரண்டு தட்டு. அதற்குள் ஜீப் கிளம்பிவிட்டது.

அவள் கல்லாலும் நகத்தாலும் மூடியைத் திறக்கப் பார்த்தாள். இருட்டும்வரை பார்த்தாள். அசையவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மூன்று வருடமாக இருப்பதுபோலவே பின் கதவு பூட்டாமல் இருந்தது. டேப்போடு பூட்டைக் கையில் பிடித்தபடி விளக்கைப் போட்டாள். அதைத் திறக்கும் ஒரே சாவி அவன் மாட்டிய ஆணியிலேயே தொங்கியது. சாவிக்கும் சுவருக்கும் நடுவே தூசி படிந்த சிலந்தி வலை, ஓர் இழையும் அறுபடாமல்.