ஆறாம் வேற்றுமையில் ஒரு கொலைகாரன்

ட்ரிங்... ட்ரிங்...

"ஹெர்டிஸுங்களா?"

"ஆமா. யாரு?"

"கொலைகாரன் பேசறேன்."

கையிலிருந்த காபி மேஜையில் சிந்தியது.

"எ... எந்தக் கொலைகாரன்?"

"உங்க புத்தகத்துல வர்றவன். ஸ்கூலி குன்பியார்னர்சன். நூத்தித் தொண்ணூறாம் பக்கத்துல தம்பிய அடிச்சுக் கொல்றேனே, அந்த ஆளு. இன்னிக்கு நாலு மணிக்கு நீச்சல் குளத்துல வாசிக்கறீங்களாமே?"

"ஆ... ஆமா."

"வர்றேன். நேர்ல பேசித் தீர்த்துக்கலாம்."

டொக்.

ஹெர்டிஸ் சிந்திய காபியைத் துடைத்தாள்.

ஐஸ்லாந்தின் வடகரையில் ஸ்கார்விக் என்ற சிற்றூர். அங்கே முப்பது வருடம் மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுத்தவள், எட்டு வருடம் உட்கார்ந்து ஒரு மர்ம நாவல் எழுதினாள். 'கனடாவுக்குப் போனவன்'. ஒரு குடும்பத்தின் வம்சாவளி மரத்தில் தம்பி பெயருக்கு நேரே 'கனடா சென்றார்' என்று மட்டும் இருக்கிறது. மனைவி இல்லை. பிள்ளை இல்லை. இறந்த தேதியும் இல்லை. தோண்டிப் பார்த்தால், பண்ணை வீட்டுக்காக அண்ணனே அடித்துப் புதைத்திருக்கிறான்.

தலைநகரத்துப் பதிப்பாளர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். போங்கடா என்று தானே அச்சடித்துவிட்டாள். கார் நிற்கும் கொட்டகை முழுக்க இப்போது புத்தகப் பெட்டி. பாவம், கார் பனியில் நின்றது.

கிறிஸ்துமஸுக்கு மூன்றே வாரம். அந்த நாட்டில் புத்தகம் விற்பதே இந்த மூன்று வாரத்தில்தான். இப்போது விற்காமல் தங்கிவிட்டால் ஜனவரியில் அடுப்பெரிக்கக்கூட ஆகாது, வெந்நீரே தரைக்குள்ளிருந்து வருகிற ஊர் அது.

"ஆட்லி... இங்க வா!"

கணவர் ஆட்லி வந்தார். ஓய்வு பெற்ற இலக்கண வாத்தியார்.

"அந்தப் பேர்ல ஒரு உசுரும் இல்லன்னு வம்சாவளிப் பதிவுல தேடிட்டுத்தானே வெச்சேன்? ஸ்கூலி குன்பியோர்ன்சன். நாட்டுலயே ஒருத்தன் கிடையாது."

"எப்படி இருப்பான்? அது தப்பும்மா."

"எது தப்பு?"

"சன்னா மகன். குன்பியோர்னோட மகன். ஆறாம் வேற்றுமை வந்தா அப்பா பேரு திரியணும். குன்பியார்னர்சன். ஜனங்க ரெண்டையும்தான் எழுதுறாங்க. ஆனா, அதான் சரி."

"நீ... மாத்தினியா?"

"மெய்ப்புப் பாருன்னு சொன்னது நீதான். நாப்பத்தேழு இடத்துல மாத்தினேன். ஒண்ணுகூட விடல." குரலில் பெருமை வேறு.

ஹெர்டிஸ் புதுப் பெயரைக் கணினியில், வம்சாவளிப் பதிவில் தட்டினாள்.

ஒரே ஒரு ஆள். வயது எழுபத்தொன்று. பக்கத்துப் பள்ளத்தாக்கு. உயிரோடு இருக்கிறார்.

தம்பி ஒருவர், பெயர் கேட்டில். 1983-இல் கனடா சென்றார்.

"ஐயையோ... தம்பியும் கனடாவா?" என்றார் ஆட்லி.

"எந்த வீட்டுலதான் கனடா போனவன் இல்ல? எங்க வீட்டுல ரெண்டு பேரு."

"வாசிப்ப நிறுத்திடு ஹெர்டிஸ். எல்லாப் பிரதியையும் திரும்ப வாங்கிடுவோம். கோர்ட்டுக்குப் போனான்னா என்ன பண்ணுவ?"

"எட்டு வருஷம், ஆட்லி. கொன்னாலும் வாசிச்சுட்டுத்தான் சாவேன். உன் இலக்கணத்துல இடி விழ."

நேராக போலீசுக்குப் போனாள். ஊரின் ஒரே போலீஸ்காரன் ஃபின்பொகி அவளுடைய ஒன்றுவிட்ட தம்பி.

"எந்த ஸ்கூலி, அக்கா? பள்ளத்தாக்கு ஸ்கூலியா? நாப்பது வருஷமா அந்தப் பள்ளத்தாக்கு வம்சாவளியத் தொகுக்கறாரே, அவரா?"

"அவனேதான். நாலு மணிக்கு வர்றானாம். கத்தி கித்தி கொண்டு வந்தா?"

"அத எங்க ஒளிப்பாரு? துணியில்லாம சோப்புப் போட்டுக் குளிச்சாத்தானே தண்ணில எறங்க விடுவாங்க? குளிக்கற எடத்துல காவலுக்கு நிக்கற ஆள என்னாலயே ஏமாத்த முடியல."

"விளையாடாதடா."

"சரி, நானும் வர்றேன். தொட்டிக்குள்ளயே உக்காந்துக்கறேன். முடிவ மட்டும் சொல்லிடாத, பாதிதான் படிச்சிருக்கேன்."

நாலு மணி.

குளத்தை ஒட்டிய வெந்நீர்த் தொட்டி நிறைந்திருந்தது. ஆவிக்கு நடுவே பதினாறு தலைகள். ஊர் வம்பு முழுக்க பேசப்படும் இடம் அதுதான் என்பதால் ஹெர்டிஸ் விளம்பரத்துக்கும் அதையே பிடித்திருந்தாள். நீச்சலுடையில் மார்பளவு நீரில் நின்றபடி, பிளாஸ்டிக் உறை போட்ட முதல் அத்தியாயத்தைத் தூக்கிப் பிடித்தாள்.

"அன்னிக்குக் காலைல பனி..."

கதவு திறந்தது.

ஆறரை அடி உயரம். வெள்ளைத் தாடி. நீல நிக்கர். கையில் ஒரு பை!

ஃபின்பொகி கழுத்து வரைக்கும் தண்ணீரில் இறங்கிக்கொண்டான்.

பெரியவர் நிதானமாகத் தொட்டிக்குள் வந்து ஹெர்டிஸுக்கு எதிரே உட்கார்ந்தார். பைக்குள் கை விட்டார்.

வெளியே வந்தது புத்தகம். 'கனடாவுக்குப் போனவன்'. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை.

"நான்தான் ஸ்கூலி," என்றார். "ரொம்ப வருத்தமா இருக்கும்மா."

"ஐயா, அது வெறும் பேருங்க. எங்க வீட்டுக்காரர் வேற்றுமைய மாத்தினதால..."

"பேருல ஒண்ணும் தப்பில்ல. வேற்றுமை சரியா இருக்கு. ரொம்ப சந்தோஷம்."

ஓரத்தில் இருந்த இன்னொரு தொட்டியில் ஆட்லி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்புறம் என்னங்க கோபம்?"

"முப்பத்தோராம் பக்கம். எங்கம்மா ஹோல் பண்ணைக்காரின்னு போட்டிருக்கீங்க. இல்ல. அவ மேட்டுப் பண்ணைக்காரி. அவளோட அப்பாவுக்கு ரெண்டு கல்யாணம். மூத்தவ வயித்துப் பொண்ணு. இத்தன பேரு படிக்கற புத்தகத்துல வம்சத்தையே தப்பா எழுதலாமா?"

"இல்லங்க... தப்புதாங்க."

உயிர் வந்தது ஹெர்டிஸுக்கு. இவ்வளவுதானா... அட, இவ்வளவுதானா! அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டின.

"இன்னும் இருக்கு. நூத்தித் தொண்ணூறு. மண்வெட்டியால அடிச்சேன்னு எழுதிருக்கீங்க."

"அது கற்பனைங்க."

"தப்பான கற்பனை. அந்த வாரம் மண்வெட்டி பக்கத்துப் பண்ணைக்கு இரவல் போயிருந்துச்சு. படகுத் துடுப்பும்மா அது."

ஹெர்டிஸ் தூக்கிப் பிடித்திருந்த அத்தியாயம் தண்ணீரில் இறங்கியது.

ஸ்கூலி பக்கத்தைப் புரட்டினார். மூக்குக் கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்துக்கொண்டார்.

"அடுத்தது, இருநூத்தி நாலு. ஆட்டுப்பட்டிக்கு அடியில பொதைச்சதா எழுதிருக்கீங்க. அங்க அடியில பாறைம்மா. ஒரு முழம் தோண்ட முடியாது. எடத்த வந்து பார்த்திருக்க வேணாமா? உருளைக்கிழங்குத் தோட்டம். வடக்கு மூலை. அந்தப் பக்கம் மட்டும் இன்னிக்கும் கிழங்கு பெருசா வருது."

மற்ற பதினைந்து தலைகளும் மெல்ல ஃபின்பொகியின் பக்கம் திரும்பின.

"ஸ்கூலி..." அவன் தண்ணீரிலிருந்து மெல்ல எழுந்தான். "அப்ப உங்க தம்பி கனடா போகலையா?"

"கனடான்னு நான் சொன்னேனாப்பா? கெழக்க தபாலாபீஸ்காரி சொன்னா, பாதிரியார் எழுதிக்கிட்டாரு. ஒருத்தராவது ஆதாரம் கேட்டாங்களா? நாப்பது வருஷமா என் தொகுப்புல அந்த எடத்த வெத்தா விட்டிருக்கேன். பொய்ய எழுத எனக்குக் கை வரல..."

சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். கையிலிருந்த சிவப்பு மைப் பக்கத்தைப் பார்த்தார். பிறகு ஃபின்பொகியைப் பார்த்தார்.

"நீ... போலீஸ்ல தானே இருக்க?"

"ஆமாங்க."

"நிக்கர்ல அடையாளம் தெரியல."

விலங்கு இல்லை. வாரண்ட் இல்லை. ஃபின்பொகி ஒரு துண்டை எடுத்து அவர் தோளில் போர்த்தினான். பெரியவர் மறுப்பு சொல்லாமல் படியேறினார். ஈரத் தரையில் நாலு எட்டு வைத்தவர் திரும்பி நின்றார்.

அவர் கண்ணெல்லாம் தொட்டி விளிம்பில் விட்டுவந்த சிவப்பு மைப் புத்தகத்தின் மேலேயே இருந்தது.

"திருத்தம் எல்லாம் போட்டுடுவீங்களாம்மா?"

அதற்குள் பதினைந்து கைகள் தண்ணீரிலிருந்து ஹெர்டிஸை நோக்கி நீண்டுவிட்டன. எனக்கு ரெண்டு, எங்கண்ணனுக்கு ஒண்ணு, கையெழுத்துப் போட்டே கொடு என்று ஒரே கூச்சல்.

ஹெர்டிஸ் பிளாஸ்டிக் உறையில் செருகியிருந்த பேனாவைத் திறந்தாள்.

"ரெண்டாம் பதிப்புல போட்டுடலாங்க. இனிமே உங்களுக்குத்தான் நேரம் நெறைய இருக்கப் போகுதே... மெய்ப்ப நீங்களே பார்த்துடுங்க!"